நாலாவது ஆள்

அந்த வாரம் எங்கள் மலைக்கிராமம் திமிஜ்ஜாவில் ஒரு வீட்டு ரொட்டியும் ஒழுங்காக வேகவில்லை. அடுப்பின்மேல் பழிபோட முடியாது. ஊர் அடுப்பு என் முற்றத்தில் இருக்கிறது, அதன் குணம் எனக்குத் தெரியும். பார்லி மாவைத் தட்டி உள்ளே வைத்த பெண்கள், எடுக்கவேண்டிய நேரத்தில் எடுக்காமல் இடுப்பில் கைவைத்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். பேச்சும் ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு, வலியார் தர்காவின் கதவில் கைவைத்து, ஹத்தூம் தன் தம்பி இஷ்ஷுவுக்காகச் சத்தியம் செய்வாளா, மாட்டாளா?

செய்தால் அவன் தப்பினான். செய்யாவிட்டால் குற்றவாளி, குடும்பத்தோடு ஒரு வருடம் பள்ளத்தாக்கை விட்டு வெளியே இருக்கவேண்டும். வெளியே இருப்பவனுக்கு வாய்க்காலில் தண்ணீர் முறை கிடையாது. இந்தக் கோடையில் தண்ணீர் இல்லையென்றால் அவன் பிள்ளைபோல் வளர்த்த ஆப்பிள் மரங்கள் விறகுதான். ஒரு வருடம் என்பது பேச்சுக்கு. அப்படிப் போனவர்கள் எவரும் வருடம் முடிந்ததும் திரும்பி வந்ததாக எங்கள் ஊரில் கதையில்லை. பட்டணத்தில் சிமெண்டு சுமந்து, அங்கேயே ஒரு சந்தில் தேய்ந்துபோவார்கள்.

"செய்வா. கூடப் பொறந்தவன ஊர விட்டுத் தொரத்துவாளா?" என்றாள் எதிர்வீட்டு யாம்னா.

"மாட்டா. அவளுக்கு ஊருதான் புருஷன், ஊருதான் புள்ள," என்றாள் இன்னொருத்தி.

"புருஷன் போனப்புறம் எல்லாருக்கும் ஊருதான் புருஷன், விடுடி."

"ரப்ஹா அக்கா, நீதான் அவளுக்கு ஒட்டுச் சுவரு. ஏதாச்சும் கேட்டுச்சா?"

"நான் என்ன சுவத்துல காத ஒட்டிக்கிட்டா இருக்கேன்?" என்றேன். ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஹத்தூம் வீட்டில் அப்போது சட்டி பானை நகரும் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

ஹத்தூமைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் அவள் வெறும் ஹத்தூம். புல்லுக்கட்டு சுமந்து, முதுகு வளைந்து, எங்களோடு வசவும் சிரிப்புமாக மலையேறியவள். புருஷன் குடல் முறுக்கிக் கழுதை முதுகிலேயே செத்தான், பாலம் போய்ச் சேருமுன்னே. வண்டி வரும் ரோடு அந்தப் பாலத்தோடு சரி. அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஒற்றையடிப் பாதை. இத்தா என்னும் துக்கக் காலம் முடிந்து வெள்ளைத் துணியைக் கழற்றிய மறுநாள் அவள் பட்டணத்துக்குக் கிளம்பினாள். ஜில்லா ஆபீசில் தினமும் போய் உட்கார்ந்தாள். "அவ்வளவு மேல ஏறி வர எந்த நர்ஸும் ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்றாராம் அதிகாரி. "எங்க கழுதை ஒத்துக்குதே ஐயா. அதையே நர்ஸா போட்டுக் குடுங்க" என்றாளாம் இவள். போடவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு நர்ஸ் கோவேறு கழுதையில் வர ஆரம்பித்தாள். அவள் உட்கார நாங்கள் எல்லோரும் கல் சுமந்து இரண்டு அறை கட்டினோம். நானும் சுமந்தேன், என் கல்தான் வாசலில் துருத்திக்கொண்டு எல்லோர் காலையும் இடறிவிடுகிறது.

பிறகு தூக்குக் கட்டில் வந்தது. அதற்கு முன் நோயாளியைப் பாலத்துக்குக் கொண்டுபோகப் பிணம் சுமக்கும் பள்ளிவாசல் சந்தூக்கைத்தான் எடுப்போம். மையத்துப் பெட்டியைக் கண்டதும் படுத்தவர் பாதி செத்துவிடுவார். ஹத்தூம் அலுமினியக் கம்பி வைத்த நல்ல கட்டில் ஒன்றைப் பட்டணத்திலிருந்து தலையில் சுமந்தே வந்தாள். அன்றிலிருந்து அவள் லல்லா ஹத்தூம், அதாவது ஹத்தூம் சீமாட்டி. ஆண்களே அப்படிக் கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு வளைய நாளானது.

கட்டில் வந்துவிட்டது, தூக்குவது யார்? அங்கேதான் அவள் மூளையை ஊரே மெச்சியது. வாய்க்காலில் இன்றைக்கு எந்த வீட்டுக்குத் தண்ணீர், நாளைக்கு எந்த வீட்டுக்கு என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். தூக்கும் முறையையும் அதன்மேலேயே வைத்துவிட்டாள். அன்றைக்குத் தண்ணீர் யாருடையதோ அந்த வீட்டுக்காரன், அடுத்து வரும் மூன்று வீட்டுக்காரர்கள்; ஆக நாலு பேர். பள்ளிவாசல் கூரையில் தொங்கும் இரும்பு வளையத்தை அடித்தால் அந்த நாலு பேரும் ஓடி வரவேண்டும். கேட்டும் வராதவனுக்கு ஊர்விலக்கு. ஜமாஅத்தில் எல்லோரும் கைதூக்கி, ஃபாத்திஹா ஓதி, டீ குடித்தார்கள்.

அதே கூட்டத்தில் இன்னொன்றையும் வாங்கினாள். சத்தியம் என்று வந்தால் எங்கள் ஊரில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண். பெண்ணின் சத்தியம் அரைச் சத்தியம். "நாங்க சுமந்தது அரைக் கட்டா? பெத்தது அரைப் புள்ளையா?" என்று கேட்டாள். ஜமாஅத் தலைவர் ஹாஜி ஸாயித் தாடியைச் சொறிந்தார், சரி என்றார். தர்காக் கதவு வரைக்கும் எந்தப் பொம்பளை வரப்போகிறாள் என்ற தைரியம்தான்.

கடைசியாகப் பட்டணத்துப் பெரிய கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, எங்கள் வழக்கை எங்கள் ஜமாஅத்தே தீர்க்கும், ஜில்லா கோர்ட்டு வேண்டாம் என்றும் பேசிவிட்டு வந்தாள். எங்கள் மொழியிலேயே பேசினாளாம். அதிகாரிகள் ஒரு வார்த்தை புரியாமல் கைதட்டினார்களாம்.

இந்தக் கோடையில் வாய்க்கால் செத்தது. பனியே விழாத மலையிலிருந்து தண்ணீர் எங்கிருந்து வரும்? அப்படியொரு பிற்பகல், வெயில் பாறையைப் பொரித்துக்கொண்டிருந்தபோது, ஹம்முவின் மனைவி ரெக்கியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை வந்தது, ரத்தம் நிற்கவில்லை. இரும்பு வளையம் அடித்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் முறை இஷ்ஷுவுக்கு. மற்ற மூன்று பேர் வந்தார்கள். இஷ்ஷு வரவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார்கள். ஹம்மு மலைமேல் ஏறியிருந்தான், அங்கேதான் ஆம்புலன்சைக் கூப்பிட போனுக்கு சிக்னல் கிடைக்கும். ஆட்டுக்காரர்கள் மந்தையோடு மேய்ச்சலில், இளசுகள் பட்டணத்தில். கடைசியில் நாலாவது கம்பை என் வீட்டுக்காரர் பிடித்தார். அவர் முழங்கால் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுகிறவர். பத்தடிக்கு ஒருமுறை இறக்கி வைத்தார்கள். ஆற்றைக் கடக்குமிடத்தில் ரெக்கியா முடிந்துபோனாள். பாலத்தில் ஆம்புலன்சின் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்ததாம். என் வீட்டுக்காரர் இன்றுவரை அந்த விளக்கைப் பற்றித்தான் பேசுகிறார், முழங்காலைப் பற்றிப் பேசுவதில்லை.

இஷ்ஷு என்ன சொன்னான்? வாய்க்கால் தலைமடையில் நின்றேன், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்றான்.

"எந்தத் தண்ணி?" என்றாள் யாம்னா. "அங்க ஓடுறது ஆட்டு மூத்திரம் அளவுக்குக்கூட இல்ல. அது சத்தம் வேற போடுதாக்கும்."

பட்டணத்திலிருந்து ஆள் வந்து ஹம்முவிடம், கோர்ட்டில் மனுக் கொடு என்றார்கள். ஹம்மு மாட்டேன் என்றான். எங்கள் கதவே போதும் என்றான். வழக்கம் இதுதான்: குற்றம் சாட்டப்பட்டவன் சத்தியம் செய்வான், அவன் ரத்த சொந்தத்தில் நாலு பேர் அவனோடு நின்று, இவன் சொல்வது உண்மை என்று கதவில் கைவைக்கவேண்டும். ஒருவர் பின்வாங்கினாலும் போச்சு. மூன்று பேரை அவன் சொல்லலாம். நாலாவது ஆளைச் சொல்வது பறிகொடுத்தவன்.

இஷ்ஷு மூன்று பங்காளிகளைச் சொன்னான். எல்லோரும் ஹம்முவைப் பார்த்தார்கள்.

"ஹத்தூம் அக்கா," என்றான் ஹம்மு.

ஹாஜி ஸாயித் கையில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணி நின்றுவிட்டது. எமகாதகன், நல்ல பொறி வைத்தான் என்று ஊர் பேசியது. அவள் வாங்கித் தந்த முழுச் சத்தியத்தை அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டான் என்றோம். நானும்தான் சொன்னேன்.

இதிலே இன்னொரு விஷயம். தாயில்லாத அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இஷ்ஷுவின் மனைவி மாமாஸ். அவளும் அப்போதுதான் பெற்றெடுத்து, நாற்பதாம் நாள் கழியாதவள். ஊரில் வேறு எவளுக்கும் மார்பில் பாலில்லை. ரெக்கியாவை அடக்கம் செய்த அன்றே ஹம்முவின் தங்கை குழந்தையைக் கொண்டுபோய் மாமாஸ் மடியில் வைத்தாள். மாமாஸ் ஒரு வார்த்தை பேசாமல் பொத்தானை அவிழ்த்தாள். ஒரு பக்கம் தன்னுடையது, ஒரு பக்கம் அது. வழக்கு ஒருபக்கம் நடந்தது, பால் ஒருபக்கம் நடந்தது.

புதன்கிழமை இரண்டையும் முன்னும் பின்னுமாகக் கட்டிக்கொண்டு மாவோடு அடுப்புக்கு வந்தாள். பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது.

"ஏன், நான் வந்ததும் அடுப்பு அணைஞ்சிருச்சா?" என்றாள் மாமாஸ்.

"வாடி, வெயிலுல ஏன் தூக்கிட்டு அலையிற, எங்கிட்ட ஒண்ணக் குடு," என்றேன்.

"எதக் குடுக்க? எங்களோடதையா, அவங்களோடதையா?"

"எதையாச்சும் குடு. ரெண்டும் ஒரே மாதிரிதான் கத்துது."

சிரிப்பாள் என்று பார்த்தேன். இல்லை. "ரப்ஹா அக்கா, மதினி ஏதாவது சொன்னாங்களா?"

"உன் மதினி எங்கிட்ட சொல்லுவாளா? பட்டணத்து மைக்கு வச்சாத்தான் வாயத் தொறப்பா."

"அவங்க வாயத் தொறக்கவேணாம். கைய மட்டும் வச்சாப் போதும்," என்றாள் மாமாஸ். பிறகு முன்பக்கம் கட்டியிருந்ததைப் பார்த்து, "நான் போயிட்டா இது யார்கிட்ட குடிக்கும்? அதையாச்சும் நெனைக்கமாட்டாங்களா?" என்றாள். அது ரெக்கியாவின் குழந்தை. தலைமுடி அப்படியே ரெக்கியா.

வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பின் சுவரின் அந்தப் பக்கம் இஷ்ஷுவின் குரல் கேட்டது. நான் பருப்புக் கூடையை எடுத்துக்கொண்டு சுவரோரம் வந்து உட்கார்ந்தேன். அங்கேதான் நிழல்.

"உக்காரு. மோர் இருக்கு."

"மோர் குடிக்க வரல."

"அப்ப நின்னுக்கிட்டே குடி."

கிண்ணம் வைக்கும் சத்தம். குடித்தான் போல.

"நாளைக்கு என்ன பண்ணப்போற அக்கா?"

"கதவுக்கு வருவேன்."

"வந்து?"

"நீ சொல்லு. இரும்புச் சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கலன்னு ஜமாஅத்துல சொல்லியாச்சு."

"ஜமாஅத்துக்குச் சொன்னது எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லு."

"உனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா?"

"ஊருக்கு ஒண்ணு சொல்லிட்ட. எனக்குன்னு என்ன வச்சிருக்க?"

என் கை கூடையில் அப்படியே நின்றது.

"கேட்டுச்சு," என்றான் இஷ்ஷு. "முத அடியே கேட்டுச்சு. தண்ணி அப்பத்தான் கடைசி ரெண்டு வரிசைக்குத் திரும்புச்சு. எலிவால் மாதிரி வருது அக்கா. கையால தள்ளித் தள்ளிக் கொண்டுபோகணும். விட்டுட்டு ஓடினா கரைய அறுத்துக்கிட்டுப் பாறையில போயிரும். இத விட்டா அடுத்த முறை வரைக்கும் மரம் தாங்காது. மம்பட்டிய யாரு கையில குடுக்க? மாமாஸ் பச்ச ஒடம்புக்காரி. போன வருஷமா இருந்தா பக்கத்து வயக்காரன் பாத்துக்குவான். இந்த வருஷம் அவன்கிட்ட குடுத்தா தண்ணி அவன் பக்கம்தான் திரும்பும். அவனக் குத்தம் சொல்லல. நானா இருந்தாலும் அதத்தான் பண்ணுவேன். மூணு பேரு இருக்காங்க, நாலாவதா எவனாவது கம்பப் புடிப்பான்னு நெனச்சேன். ரெண்டே வரிசை. முடிச்சிட்டு ஓடினேன். சத்தியமா ஓடினேன் அக்கா. ஆத்துப்பக்கம் எறங்கும்போதே அழுகை கேட்டுச்சு. திரும்பிட்டேன்."

"திரும்பிட்டியா."

"எந்த மூஞ்சியோட வந்து நிக்க?"

"ஏன்டா எங்கிட்ட சொன்ன?" அவள் குரல் உடைந்தது. ஹத்தூம் அழுது நான் கேட்டதில்லை. புருஷன் மையத்து வந்தபோதுகூட வந்தவர்களுக்கு ரொட்டி போட்டவள். "சொல்லாம இருந்திருந்தா, எனக்குத் தெரியாதுன்னு கைய வச்சிருப்பேனே. ஏன்டா சொன்ன?"

"நீதான கேட்ட."

அவனே தொடர்ந்து பேசினான், இப்போது கொஞ்சம் சூடாக.

"நான் ஒண்ணு கேக்குறேன். தூக்குற முறையத் தண்ணி முறையோட கட்டினது யாரு?"

"எல்லாருக்கும் மனப்பாடமா இருக்குமேன்னு..."

"மனப்பாடந்தான். ஊருல அன்னிக்கு எவன் வாய்க்கால விட்டு நகரமுடியாதோ, பாத்துப் பாத்து அவனையே தூக்க வச்சிருக்க. நல்ல வருஷத்துல தெரியல. இந்த வருஷம் அந்த வளையம் எவன் முறையில அடிச்சிருந்தாலும் அவன் வந்திருக்கமாட்டான். என் முறையில அடிச்சுது. நீ ஒரு நாள், ஒரே ஒரு நாள் மம்பட்டியோட மடையில நின்னிருந்தா இப்படி ஒரு முறை வச்சிருக்கமாட்ட."

"பொம்பளைய மடையில நிக்க விட்டீங்களாடா?"

"விடல. அதும் எங்க தப்புதான்."

"ஏன் அன்னிக்கே சொல்லல? கூட்டத்துல நீயும் இருந்த."

"எப்படிச் சொல்லுவேன்? நீ பேசினா ஹாஜியே வாயப் பொளந்து கேக்குறாரு. பெருமையா உக்காந்திருந்தேன். எங்க அக்கான்னு."

அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு நீ இத அப்படியே கதவுக்கிட்ட சொல்லு," என்றாள் ஹத்தூம் மெல்ல. "நானும் சொல்றேன், முறை தப்பு, வச்சவ நான்னு. ரெண்டு பேருமா நிப்போம்."

"நின்னா விட்டுருவாங்களா? கேட்டும் வரலன்னா வெளிய போன்னுதான் ஓதி முடிச்சிருக்கு. பஞ்சத்துக்குன்னு தனியா ஏதாச்சும் வச்சியா? அக்கா, ஒரே ஒரு தடவ கைய வையி. ரெக்கியா எந்திரிச்சு வரப்போறாளா? மாமாஸ் மடியில அந்தப் புள்ள பால் குடிக்குது. அதுக்காகவாவது."

"அந்தக் கதவுல நாம பொய் சொல்லமாட்டோம்னு சொல்லித்தானேடா பட்டணத்துக் கோர்ட்ட வேணாம்னேன்?"

"பொய் சொல்லமாட்டோமா! ஹாஜி ஸாயித்து போன வருஷம் கழுதை வழக்குல இதே கதவுல கைவச்சுப் பொய் சொல்லல?"

"அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. உன்னோடது தெரிஞ்சுபோச்சு." பிறகு, "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தவா?" என்றாள்.

"ஊத்து," என்றான்.

என் கூடையில் பருப்பையும் கல்லையும் நான் ஒன்றாகவே போட்டிருந்தேன் என்று ராத்திரி சாப்பாட்டில்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தர்காச் சரிவில் உட்கார இடமில்லை. பெண்களும் வரலாம் என்று வாங்கித் தந்தவளும் அவள்தானே. ஒருத்தி விடாமல் வந்திருந்தோம். மாமாஸ் கடைசியில், முக்காட்டுக்குள் இரண்டையும் அணைத்துக்கொண்டு. ஹம்மு முன்வரிசையில், துவைத்துக் காயாத ஜெல்லாபா அங்கியில். துவைத்துக் கொடுத்தவள் இல்லை.

இஷ்ஷு கதவில் கைவைத்து, "வளையம் அடிச்சது எனக்குக் கேக்கல" என்றான். அக்காவைப் பார்க்கவில்லை. முதல் பங்காளி சத்தமாகச் சொன்னான். இரண்டாவது ஆள் கதவைப் பார்த்துச் சொன்னான். மூன்றாவது பெல்ஈத், வயிறு கலக்கியவன்போல் ஓடிப்போய், தொட்டதும் தொடாததுமாக முணுமுணுத்துவிட்டு ஓடிவந்தான். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

ஹத்தூம் நடந்தாள். எங்கள் கதவு தேவதாரு மரம். கைபட்டுக் கைபட்டு ஒரு இடம் மட்டும் எண்ணெய் பூசியதுபோலிருக்கும். அந்த இடத்துக்குக் கையைத் தூக்கினாள். விரல் மரத்தைத் தொடவில்லை. கோதுமை மணி நுழையுமளவு இடைவெளி. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. ஒரு குழந்தை கத்தியது, எதுவென்று தெரியவில்லை.

கையை இறக்கினாள்.

"தம்பிக்குக் கேட்டுச்சு," என்றாள்.

சரிவில் ஒரு மூச்சு. அவள் திரும்பி ஆண்களைப் பார்த்துப் பேசினாள். மைக்கில் பேசினவள் குரலாக அது இல்லை. "கேட்டும் அவனால வரமுடியாத மாதிரி ஒரு முறைய வச்சவ நான். தண்ணி முறையும் தூக்குற முறையும் ஒருத்தன் தலையிலேயே விழும்னு எனக்குத் தோணல. நான் மடையில நின்னதில்ல. நின்ன நீங்க எல்லாரும் இருந்தீங்களே. உங்கள்ல ஒருத்தராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

ஆண்கள் செருப்பைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாய்க்காலில் கால்வைத்த ஒவ்வொருவனுக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முறையப் பிரிச்சிருவோம் லல்லா. இன்னிக்கே," என்றார் ஹாஜி ஸாயித் அவசரமாக. "இனி தண்ணிக்காரன் தூக்கவேணாம்."

"அது சரி. இவனுக்கு என்ன?"

"கேட்டும் வரலன்னா..." ஹாஜி இழுத்தார். "பறிகொடுத்தவன் மன்னிச்சா ஜமாஅத்து ஒண்ணும் சொல்லாது. ஹம்மு, என்னப்பா சொல்ற?"

ஹம்மு எழுந்து நின்றான். இஷ்ஷுவைப் பார்த்தான். பிறகு சரிவின் கடைசியில் மாமாஸைப் பார்த்தான், அவள் முக்காட்டுக்குள் ரெக்கியா பெற்ற குழந்தையின் கால் தெரிந்ததைப் பார்த்தான்.

"கேட்டிருக்கு," என்றான். "கேட்டிருக்கு அவனுக்கு." அப்படியே உட்கார்ந்துவிட்டான். மன்னித்தேன் என்று அவன் சொல்லாததால் ஓதியபடியே ஊர்விலக்கு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவேறு கழுதையில் கம்பளி, அண்டா, கோழிக்கூடு எல்லாம் ஏறின. வழக்கப்படி ஊர் கதவுகளைச் சாத்திக்கொண்டது. நான் ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தேன். ஹத்தூம் மட்டும் பாதையில் நின்றாள், துணியில் கட்டிய சூடான ரொட்டியோடு. விடிவதற்கு முன்பே வந்து என் அடுப்பைப் பற்றவைத்தவள். ஒரு ரொட்டியும் கருகவில்லை.

மாமாஸ் பாதையோரக் கல்லில் உட்கார்ந்து ரெக்கியாவின் குழந்தைக்குக் கடைசியாகப் பால் கொடுத்தாள். அது குடித்து, தூங்கி, விழித்து, மறுபடியும் குடித்தது. இஷ்ஷு அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் மாமாஸ் அதை ஹம்முவின் தங்கையிடம் கொடுக்காமல் நேரே ஹத்தூமிடம் நீட்டினாள்.

"இந்தாங்க மதினி. இனி ஊருதான பாக்கணும்."

ஹத்தூம் ஒரு கையில் குழந்தையை வாங்கி, மறுகையால் ரொட்டியை நீட்டினாள். மாமாஸ் அதைத் தொடவில்லை. இஷ்ஷு வாங்கி, கழுதைமேல் கூடைக்குள் வைத்தான்.

"மம்பட்டி சுவத்தோரம் சாத்தியிருக்கேன்," என்றான். "வேணும்னா எடுத்துக்க." குத்திக்காட்டினானா, கொடுத்துவிட்டுப் போனானா என்று அவன் முகத்தை வைத்துச் சொல்லமுடியவில்லை. அவர்கள் வளைவில் மறையும்வரை ஹத்தூம் நின்றாள். குழந்தை அவள் மார்பில் முட்டி முட்டித் தேடியது. அங்கே என்ன இருக்கிறது?

பிறகு ஆட்டுப்பால். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கக்கியது, வயிறு ஊதியது, செவ்வாய்க்கிழமை நர்ஸ் பால்மாவு டின் கொடுத்தாள். பிழைத்துக்கொண்டது, ஆனால் மாமாஸ் பாலில் உப்பியிருந்த கன்னம் போய்விட்டது. இஷ்ஷுவின் ஆப்பிள் மரங்கள் முதலில் இலையையும் பிறகு சுண்டைக்காய்போலிருந்த காயையும் உதிர்த்தன. இதற்கிடையில் வளையம் ஒருதரம் அடித்தது, பெல்ஈதின் மாமனாருக்கு நெஞ்சுவலி. புது முறைப்படி நாலு பேரும் வந்தார்கள். கிழவர் பிழைத்து வந்து ஆஸ்பத்திரி சூப்பைப் பற்றி ஊரெல்லாம் புகார் சொல்கிறார். லல்லா ஹத்தூமின் புண்ணியம் என்கிறார்கள். இஷ்ஷு பெயரை யாரும் எடுப்பதில்லை.

வாதுமை உலுக்கும் பருவத்தில் ஒரு சாயங்காலம் ஹத்தூம் என் அடுப்படியில் மாவோடு உட்கார்ந்திருந்தாள். ஹம்மு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவன் அவளிடம் பேசியது அதுதான் முதல்தரம். நான் எழுந்து போயிருக்கவேண்டும். போகவில்லை.

"அக்கா," என்றான். "நான் ஏன் உங்கள நாலாவது ஆளா கேட்டேன்னு தெரியுமா?"

"தெரியும்பா. நான் பொய் சொல்லமாட்டேன்னு."

"இல்ல." குழந்தையை மறுதோளுக்கு மாற்றினான். "நீங்க கைய வச்சிருவீங்கன்னு. கூடப் பொறந்தவனாச்சே, எப்படியும் வச்சிருவீங்கன்னு நெனச்சேன். நீங்க வச்சா நான் நம்பிருவேன். அவனுக்குக் கேக்கல, யாரு மேலயும் தப்பில்ல, அல்லா எடுத்துக்கிட்டான், அவ்வளவுதான்னு நம்பிருவேன். உங்க வாயால வந்தாத்தான் நம்பமுடியும் எனக்கு."

ஹத்தூமின் கையில் மாவு உருண்டை அப்படியே இருந்தது.

"நான் பொய் சொல்லியிருக்கணுமா ஹம்மு?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"தெரியல அக்கா. நீங்க செஞ்சது சரின்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நானும் சொல்றேன், கேட்டா. ஆனா கண்ண மூடினா, அவனுக்குக் கேட்டுச்சுங்கிறதுதான் எனக்குக் கேக்குது."

குழந்தை சிணுங்கியது. அவன் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே போய்விட்டான். ஜில்லா அதிகாரிக்குப் பதில் சொன்னவள், ஹாஜிக்குப் பதில் சொன்னவள், அவன் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையிலிருந்த மாவை வாங்கித் தட்டி, அவளுக்குப் பதிலாக அடுப்பில் வைத்தேன்.